ஏலத்துக்குப் போன அரண்மனை: பெனின் வெண்கலங்களும் விக்டோரியா கால வணிகமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கடற்படை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நகரைப் பிடித்தது. அரண்மனையிலிருந்து அள்ளி வந்த வார்ப்புச் சிற்பங்களும் தந்த வேலைப்பாடுகளும் அந்த ஆண்டே லண்டனில் விலைபோகத் தொடங்கின. கொள்ளையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தக் கொள்ளை எப்படிச் சந்தையாக மாறியது, யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்தப் பக்கம் அதைப் பற்றியது.

பெனின் என்றால் இன்றைய பெனின் நாடா?

இல்லை. இன்றைய பெனின் குடியரசு முன்பு தஹோமே என்று அழைக்கப்பட்டது; 1975-ல்தான் பெயர் மாறியது. நாம் பேசும் பெனின், எடோ மக்களின் பழைய அரசு. அதன் தலைநகரம் பெனின் சிட்டி இப்போது தெற்கு நைஜீரியாவில், எடோ மாநிலத்தில் இருக்கிறது. அரசருக்கு ‘ஓபா’ என்று பட்டம். அந்த மரபு இன்றும் தொடர்கிறது. இப்போதைய ஓபா இரண்டாம் எவாரே.

‘பெனின் வெண்கலம்’ என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்?

பெரும்பாலானவை உண்மையில் பித்தளை. தந்தம், மரம், பவளம், இரும்பு ஆகியவற்றால் ஆன பொருள்களையும் சேர்த்துத்தான் இந்தப் பொதுப்பெயரால் சொல்கிறார்கள். மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, செவ்வகத் தகடுகள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வார்க்கப்பட்டவை. ஓபா, படைத்தலைவர்கள், பணியாளர்கள், போர்ச்சுகீசிய வணிகர்கள், சிறுத்தை, முதலை எல்லாம் இவற்றில் புடைப்பாக நிற்கும். இவை அரண்மனைத் தூண்களில் அறையப்பட்டிருந்தன. டச்சுக்காரரான ஓல்ஃபர்ட் டாப்பர் 1668-ல் வெளியிட்ட நூலில், போர்களையும் வெற்றிகளையும் காட்டும் செம்பு வார்ப்புகள் பதித்த தூண்கள் அந்த அரண்மனையில் இருப்பதாக எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, நினைவுத் தலைகள். ஓர் ஓபா மறைந்ததும் அவருக்காக எழுப்பும் முன்னோர் பீடத்தில் வைப்பதற்காக வார்த்தவை. தலையின் உச்சியில் ஒரு துளை இருக்கும். செதுக்கிய யானைத் தந்தம் ஒன்றை அதில் நிறுத்தி வைப்பார்கள். ஏலத்தில் தலை ஒருவருக்கும் தந்தம் இன்னொருவருக்கும் போனபோது பிரிந்தது ஒரு வழிபாட்டு அமைப்பு. மூன்றாவது வகை தந்த முகமூடிகள், மணிகள், கைத்தடிகள், சேவல்கள், சிறுத்தை வடிவ நீர்க்கலங்கள் போன்றவை.

என் பார்வையில் இங்கே முக்கியமானது ஒன்றுண்டு. ஏட்டில் எழுதும் வழக்கம் இல்லாத அந்த அரசவைக்கு இந்தத் தகடுகளே ஆவணம். எந்தச் சடங்கில் யார் எங்கே நிற்க வேண்டும், எந்த உடை, எந்த ஆயுதம் என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருந்தது. அந்த ஆவணத்தைத்தான் ஏடு ஏடாகப் பிரித்து விற்றார்கள்.

எப்படிச் செய்தார்கள்? உலோகம் எங்கிருந்து வந்தது?

மெழுகு அச்சு முறையில். களிமண் கருவின் மேல் மெழுகில் உருவத்தைச் செய்து, மேலும் களிமண் பூசி, சூடாக்கி, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். இதைச் செய்தது அரண்மனைக்குக் கட்டுப்பட்ட இகுன் எரோன்ம்வோன் என்ற வார்ப்பாளர் குழுமம். ஓபாவின் ஆணை இல்லாமல் அவர்கள் வார்ப்பதில்லை.

உலோகத்தின் பெரும்பகுதி ‘மணில்லா’ என்ற குதிரைலாட வடிவப் பித்தளை வளையங்களாக வந்தது. போர்ச்சுகீசியர்கள் மிளகு, தந்தம், அடிமைகள் ஆகியவற்றுக்கு விலையாக அவற்றைக் கொடுத்தார்கள். மூழ்கிய கப்பல்களில் கிடைத்த மணில்லாக்களை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வு, பெனின் வார்ப்புகளில் உள்ள உலோகம் ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியிலிருந்து வந்தது என்று காட்டியது. அடிமை வணிகத்தின் பங்கும் இந்த உலோகத்துக்குள் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தக் கலையைப் புகழ்வது சரியாகாது.

1897-ல் என்னதான் நடந்தது?

1892-ல் பிரிட்டன் ஓபா ஒவொன்ரம்வெனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வணிகத்தைத் தடையில்லாமல் திறந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஓபாவோ பனைப்பொருள் வணிகத்தின் மேல் தனக்கிருந்த பிடியை விடவில்லை. 1896 நவம்பரில், பொறுப்புத் தூதராக இருந்த ஜேம்ஸ் பிலிப்ஸ், ஓபாவை அகற்ற அனுமதி கேட்டு லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு ஆகும் செலவை அரண்மனையில் கிடைக்கும் தந்தத்தைக் கொண்டே ஈடுகட்டலாம் என்றும் அதில் குறிப்பிட்டார். வணிகம் கொள்ளைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைப்பவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். ஒரு குண்டு வெடிப்பதற்கு முன்பே கணக்குப் போட்டாகிவிட்டது.

அனுமதிக்காகக் காத்திருக்காமல் 1897 ஜனவரியில் பிலிப்ஸ் புறப்பட்டார். இகுவே திருவிழா நடக்கிறது, ஓபா இப்போது வெளியாரைச் சந்திக்க மாட்டார், வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வழியில் அவருடைய குழு தாக்கப்பட்டது. ஆங்கிலேயர்களில் இருவர் மட்டுமே தப்பினார்கள்; சுமை தூக்கி வந்த ஆப்பிரிக்கர்களும் பெருந்தொகையில் மாண்டார்கள். பதிலடியாக அட்மிரல் ஹாரி ராசன் தலைமையில் சுமார் 1,200 பேர் கொண்ட படை வந்தது. பிப்ரவரி 18-ல் நகரம் வீழ்ந்தது. மூன்று நாள் கழித்து அரண்மனை உட்படப் பெரும்பகுதி எரிந்தது. ஓபா, இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் உள்ள கலபார் நகருக்கு நாடுகடத்தப்பட்டார். ஊர் திரும்பாமலே 1914-ல் அங்கேயே இறந்தார்.

முதலில் விற்றது யார்? வணிகர்களா?

அரசாங்கம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

தகடுகள் தூண்களில் இருந்து கழற்றப்பட்டு எப்போதோ ஒரு கிடங்கில் அடுக்கப்பட்டிருந்தன. படையினர் அவற்றை மண் படிந்த நிலையில் கண்டெடுத்தார்கள். அவற்றை அதிகாரபூர்வமான போர்ப்பொருளாகச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். வெளியுறவு அலுவலகம் சுமார் 300 தகடுகளை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கடனாகக் கொடுத்தது. 1897 செப்டம்பரில் அவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சுமார் 200 தகடுகள் அங்கேயே நிலைத்தன. மற்றவை காலனிகளின் கொள்முதல், விற்பனையைக் கவனித்த ‘கிரவுன் ஏஜென்ட்ஸ்’ வழியாக விற்கப்பட்டன. அந்தப் பணம் நைஜர் கரையோர பிரிட்டிஷ் நிர்வாகத்தின் செலவுக்குப் போனது. மியூசியத்தின் பொறுப்பாளர் சார்ல்ஸ் ஹெர்குலிஸ் ரீட் இன்னும் வாங்க விரும்பினார். கருவூலம் பணம் தரவில்லை.

அதிகாரிகள் தனியாக எடுத்துக்கொண்டவை என்ன ஆயின?

தந்தங்களும் தலைகளும் முகமூடிகளும் பெரும்பாலும் அப்படித்தான் போயின. அரண்மனை முற்றத்தில் வார்ப்புகள் குவிந்து கிடக்க, நடுவில் சட்டைக் கையை மடித்துவிட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் பிரிட்டிஷ் மியூசியத்திலேயே இருக்கிறது. செம்புப் புள்ளிகள் பதித்த இரண்டு தந்தச் சிறுத்தைகள் விக்டோரியா அரசிக்குப் பரிசாகப் போயின. அரசியின் ஆட்சியின் 60-ஆம் ஆண்டு வைரவிழா நடந்ததும் அதே 1897-ல்தான்.

சிலர் வீட்டு வரவேற்பறையில் வைத்துக்கொண்டார்கள். சிலர் கலபாரிலும் லாகோசிலுமே விற்றுவிட்டார்கள். லாகோசில் இருந்த ஐரோப்பியக் கம்பெனிக்காரர்களும் கப்பல் முகவர்களும் உடனே வாங்கத் தொடங்கினார்கள். ஜார்ஜ் நெவில் என்பவர் படையோடு போய், தனக்கென்று ஒரு தொகுதியே சேர்த்துக்கொண்டார். அதிலிருந்து ஒரு சேவலை 1905-ல் தன் மகன் படித்த கேம்பிரிட்ஜ் ஜீசஸ் கல்லூரிக்குக் கொடுத்தார். மற்றவை 1930-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன.

லண்டனில் எங்கே விற்றார்கள்?

கோவென்ட் கார்டன் பகுதியில் கிங் தெருவில் இருந்த ஸ்டீவன்ஸ் ஏலக்கூடம் இதில் முக்கியம். அது ஓவியங்கள் விற்கும் இடமல்ல. பறவை முட்டைகள், வண்ணத்துப்பூச்சிகள், ஆர்க்கிட் செடிகள், பாடம் செய்த விலங்குகள் இவற்றுக்குப் பெயர்போன இடம். அரண்மனைச் சிற்பங்கள் அந்த வரிசையில் சேர்ந்ததே, அவற்றை அந்தச் சமூகம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. அவை விநோதப் பொருள்களாகத்தான் விற்கப்பட்டன.

வெப்ஸ்டர் என்ற பெயர் எல்லா அருங்காட்சியகப் பதிவுகளிலும் வருகிறதே, யார் அவர்?

வில்லியம் டவுனிங் வெப்ஸ்டர், 1868-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பிசெஸ்டர் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, பசிபிக் தீவுகளின் கதாயுதங்கள், ஆப்பிரிக்க ஈட்டிகள் என்று வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். 1895-லிருந்து 1901 வரை படங்களோடு விற்பனைப் பட்டியல்களை வெளியிட்டார். பெனின் பொருள்கள் சந்தைக்கு வந்ததும் அவருடைய வியாபாரத்தின் போக்கே மாறிவிட்டது. ஏலங்களில் எடுத்தும், படையிலிருந்து திரும்பியவர்களிடம் வாங்கியும், நூற்றுக்கணக்கான பெனின் பொருள்களைக் கைமாற்றினார்.

அவருடைய முறை எளிமையானது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு படம், அளவு, சின்ன விவரம், விலை. அதை ஐரோப்பா முழுவதும் இருந்த அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் அஞ்சலில் அனுப்புவார். அவர்கள் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் பொருள் போய்ச் சேரும். பெர்லினில் இருப்பவர் லண்டனுக்கு வராமலே பெனினின் ஒரு பகுதியை வாங்க முடிந்தது.

அந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு உணர்வும் ஒன்றாக வரும். கிளர்ச்சியூட்டும் அளவுக்குத் துல்லியமான படங்கள். ஆனால் இது எந்த ஓபாவின் தலை, எந்தப் பீடத்தில் இருந்தது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. அப்படிக் கேட்டிருந்தால் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் அப்போது பெனினில் உயிரோடு இருந்தார்கள்.

1904-ல் வெப்ஸ்டரின் சரக்கு ஸ்டீவன்ஸ் கூடத்தில் ஏலம் போனது. அடுத்த தலைமுறையில் வில்லியம் ஓல்ட்மன் என்பவர் இதே முறையில் மாதப் பட்டியல்கள் போட்டுப் பெரிய வணிகரானார்.

பிட்-ரிவர்ஸ் ஏன் இவ்வளவு வாங்கினார்?

ஜெனரல் அகஸ்டஸ் பிட்-ரிவர்ஸ் தன் முதல் தொகுப்பை 1884-லேயே ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொடுத்துவிட்டார். இன்றைய பிட்-ரிவர்ஸ் மியூசியம் அதிலிருந்து தோன்றியது. பிறகு டார்செட்டில் ஃபார்ன்ஹம் கிராமத்தில் சொந்தமாக இன்னோர் அருங்காட்சியகம் வைத்து, மறுபடி சேர்க்கத் தொடங்கினார். 70 வயதான அந்த மனிதர் கடைசி மூன்று ஆண்டுகளில் வெப்ஸ்டரிடமும் ஸ்டீவன்ஸ் ஏலத்திலும் 200-க்கும் மேற்பட்ட பெனின் பொருள்களை வாங்கிக் குவித்தார். அவற்றைப் பற்றி அவர் தயாரித்த நூல் 1900-ல், அவர் இறந்த ஆண்டில், வெளிவந்தது.

அவருடைய கணக்கேடுகளில் பொருளின் வண்ணப்படம், வாங்கிய இடம், கொடுத்த விலை எல்லாம் இருக்கின்றன. அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தொகுப்பு நிலைக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் குடும்பத்தார் கைவழியாகச் சிதறி, தனியாரிடமும் வணிகர்களிடமும் போய்விட்டது.

கொள்ளையடித்தது பிரிட்டன், பெர்லினில் எப்படி இவ்வளவு?

பணமும் வேகமும். பெர்லின் இனவியல் அருங்காட்சியகத்தின் ஃபெலிக்ஸ் ஃபான் லூஷான், இவற்றின் மதிப்பை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர். லாகோசில் இருந்த ஜெர்மன் தூதர் வழியாகவும், ஹாம்பர்க் வணிகக் கம்பெனிகள் வழியாகவும், லண்டன் ஏலங்களிலும் ஒரே நேரத்தில் வாங்கினார். லைப்சிக் பதிப்பாளரும் கிளிமஞ்சாரோ உச்சியை முதலில் தொட்டவருமான ஹான்ஸ் மேயர் போன்ற செல்வந்தர்கள் பணம் கொடுத்தார்கள்.

1919-ல் லூஷான் வெளியிட்ட பெருநூல் சுமார் 2,400 பொருள்களைப் பதிவு செய்கிறது. அதில் பெர்லினில் 580, பிரிட்டிஷ் மியூசியத்தில் 280, பிட்-ரிவர்ஸ் தொகுப்பில் 227 என்று கணக்கு. ஹாம்பர்க், டிரெஸ்டன், வியன்னா நகரங்களும் நூற்றுக்கு மேல் வைத்திருந்தன.

ஆப்பிரிக்கர்கள்தான் செய்தார்கள் என்று அவர்கள் நம்பினார்களா?

முதலில் பலர் நம்பவில்லை. எகிப்தியர் சொல்லிக்கொடுத்திருக்கலாம், போர்ச்சுகீசியர் கற்றுத்தந்திருக்கலாம் என்றெல்லாம் எழுதினார்கள். ரீடும் அவருடைய உதவியாளர் டால்டனும்கூட முதலில் வெளியே இருந்து வந்த கை எது என்றுதான் தேடினார்கள். லூஷான் வேறு வழியில் போனார்: இது ஆப்பிரிக்கக் கலையே, இத்தாலிய மறுமலர்ச்சிக் காலச் சிற்பி செல்லினியாலும் இதைவிட நன்றாக வார்த்திருக்க முடியாது என்றார். அவர் அதை வாங்குபவரின் இடத்திலிருந்து சொன்னார். வார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது.

அந்தக் காலத்தில் அதைத் தவறென்று யாருமே நினைக்கவில்லையா? இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா?

நினைத்தார்கள். 1868-ல் எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையிலிருந்து கொண்டுவந்த பொருள்களைப் பற்றி, பிரதமர் கிளாட்ஸ்டன் 1871-ல் நாடாளுமன்றத்திலேயே வருத்தம் தெரிவித்தார். அவற்றைக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்பது அவர் கருத்து. சூறையாடலைத் தடைசெய்த ஹேக் மாநாடு 1899-ல், பெனின் ஏலங்கள் நடந்துகொண்டிருந்தபோதே கூடியது. ஆகவே ‘அப்போது யாருக்கும் தெரியாது’ என்பது நிற்காது. தெரிந்தே செய்தார்கள், ஆப்பிரிக்காவுக்கு அந்த விதி பொருந்தாது என்று வைத்துக்கொண்டார்கள்.

ராணி இதியாவின் தந்த முகமூடி யாரிடம் போனது?

இதியா 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, ஓபா எசிகியேயின் தாய். அரண்மனையில் ஓபாவின் அறையிலிருந்து எடுத்த முகமூடிகளில் இரண்டு, பிரிட்டிஷ் நிர்வாகி ரால்ஃப் மூரின் கைக்குப் போயின. 1909-ல் அவர் இறந்ததும் மானிடவியலாளர் சார்ல்ஸ் செலிக்மன் அவற்றைப் பெற்றார். இலங்கையின் வேடர்களைப் பற்றி 1911-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வை மனைவி பிரெண்டாவோடு சேர்ந்து எழுதியவர் இவரே. ஒரு முகமூடி 1910-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. மற்றதை 1958-ல் நெல்சன் ராக்ஃபெல்லர் 20,000 பவுண்டுக்கு வாங்கினார். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. 1977-ல் லாகோசில் நடந்த பெரும் ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் முகமே சின்னம். லண்டன் அதைக் கடனாகத் தரவும் மறுத்தது. நைஜீரியா நகல் செய்து வைத்துக்கொண்டது.

விலை எப்படி ஏறியது?

ஒரு லண்டன் வணிகர் 1951-ல் 230 பவுண்டுக்கு வாங்கிய தலை, 2016-ல் ஒரு கோடி பவுண்டுக்குக் கைமாறியது. அமெரிக்காவின் பஃபலோ நகர அருங்காட்சியகம் 2007-ல் விற்ற தலைக்கு 47 லட்சம் டாலர் கிடைத்தது. இதற்கிடையே நைஜீரியா தன் அருங்காட்சியகங்களை நிரப்ப, பிரிட்டிஷ் மியூசியத்திடமும் ஏலங்களிலும் தானே காசு கொடுத்து வாங்கிய காலமும் உண்டு. இந்த வணிகத்தில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

வணிகர்கள் வாங்கியதால்தானே இவை பிழைத்தன?

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். 300 ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைப் பாதுகாத்தது அரண்மனை. நெருப்பு வந்தது படையோடு. படை வராமல் இருந்திருந்தால் காப்பாற்ற வேண்டிய தேவையும் வந்திருக்காது. வணிகர்கள் ஒன்றைக் காப்பாற்றினார்கள் என்று ஒப்புக்கொள்ளலாம்: காகிதங்களை. வெப்ஸ்டரின் பட்டியல் எண்களும் ஏலக்கூடக் குறிப்புகளும் இல்லாவிட்டால், இன்று பல பொருள்கள் 1897-ல் எடுக்கப்பட்டவை என்று நிறுவவே முடியாது. திருப்பிக் கேட்பவர்களின் கையில் இருக்கும் சான்று, விற்றவர்களே எழுதிவைத்தது.

யார் யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

2021 அக்டோபரில் ஜீசஸ் கல்லூரி அந்தச் சேவலைக் கொடுத்தது. மறுநாளே அபர்டீன் பல்கலைக்கழகம் 1957-ல் ஏலத்தில் வாங்கிய ஒரு தலையைக் கொடுத்தது. 2022-ல் ஜெர்மனி 1,100-க்கும் மேற்பட்ட பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்ற ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் 29 பொருள்களையும், லண்டனில் தேயிலை வணிகர் ஹார்னிமன் நிறுவிய அருங்காட்சியகம் 72 பொருள்களின் உரிமையையும் கொடுத்தன. 2025-ல் நெதர்லாந்து 119 பொருள்களை அனுப்பியது.

பிரிட்டிஷ் மியூசியம் 900-க்கும் மேற்பட்டவற்றை வைத்திருக்கிறது. தொகுப்பிலிருந்து பொருள்களை நீக்க 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை என்பது அதன் பதில். சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். மாற்றவும் அதனால் முடியும்.

திரும்பி வந்தவை யாருக்குச் சொந்தம்?

இது இன்னும் ஓயாத தகராறு. 2023 மார்ச்சில் நைஜீரியக் குடியரசுத் தலைவர் ஓபாவே உரிமையாளர் என்று ஆணையிட்டார். பெனின் சிட்டியில் கட்டப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் தொடக்க நிகழ்வு 2025 நவம்பரில் எதிர்ப்பாளர்கள் உள்ளே புகுந்ததால் தடைபட்டது. அமெரிக்காவில், அடிமைகளாக விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் சிலர், அந்த உலோகத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். இவை எல்லாமே கேட்க வேண்டிய குரல்கள். ஆனால் வீட்டுக்குள் பாகப்பிரிவினை முடியவில்லை என்பது, எடுத்தவர் தொடர்ந்து வைத்துக்கொள்ளக் காரணமாகாது.

குறிப்பிட்ட ஒரு பொருள் யார் யார் கைமாறிப் போனது என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். 2022 நவம்பரில் தொடங்கிய ‘டிஜிட்டல் பெனின்’ இணையதளம் 20 நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் உள்ள 5,000-க்கும் மேற்பட்ட பொருள்களை ஒரே இடத்தில் காட்டுகிறது. எடோ மொழிப் பெயர்களும் இருக்கின்றன. ஒரு பொருளைத் திறந்ததும் அதன் முந்தைய உடைமையாளர்களைப் பாருங்கள். வெப்ஸ்டர், பிட்-ரிவர்ஸ், ஸ்டீவன்ஸ், ஓல்ட்மன் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ‘நன்கொடை’ என்று மட்டும் இருந்தால், கொடுத்தவர் யார், அவர் குடும்பத்தில் எவராவது 1897-ல் பெனினில் இருந்தாரா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.